இன்மையும் காணாமையும்: கோலார் தங்கவயலும் துணையிலா நியூட்ரான் விண்மீன்களும்

1. முன்னுரை

கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில் அமைந்துள்ள சுரங்க நகரைத் தமிழர் 'கோலார் தங்கவயல்' என வழங்குகின்றனர். இது 'கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்' என்னும் ஆங்கிலப் பெயரின் நேர்ப்பெயர்ப்பாகும். ஆங்கிலத்தில் 'ஃபீல்டு' என்பது இங்குக் கனிமம் கிடைக்கும் நிலப்பரப்பைக் குறிக்கிறது. தமிழில் 'வயல்' என்பது பயிர் விளையும் நிலத்தைக் குறிப்பது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தமையால் பொருள் சற்றே விலகியுள்ளது. ஆயினும், வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்று தலைமுறைகளாக அங்கு வாழ்ந்துவரும் தொழிலாளர் குடும்பங்களின் வழக்கில் அச்சொல் நிலைபெற்றுவிட்டது. இடப்பெயருக்கு இது குறையாகாது. இடத்தைச் சுட்டுவதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது. கலைச்சொல்லின் நிலை வேறு. அது பொருளைச் சுட்டுவதோடு அப்பொருளைப் பற்றிய ஒரு கருத்தையும் படிப்போர் மனத்தில் விதைக்கிறது.

தங்கவயலின் ஆழ்சுரங்கங்கள் பொன்னுக்காக மட்டுமன்றி இயற்பியல் ஆய்வுக்காகவும் உலகப் புகழ் பெற்றவை. அங்கு அண்டக்கதிர்களை அளந்த அறிஞர் ஒருவரே பின்னர் இந்தியாவில் எக்ஸ் கதிர் வானியலுக்கு வித்திட்டார். அத்துறையின் இன்றைய ஆய்வுப் பொருள்களுள் ஒன்று 'துணையிலா நியூட்ரான் விண்மீன்'. நிலத்தின் ஆழத்தையும் வானத்தின் உயரத்தையும் இணைக்கும் இவ்வறிவியலில் எதிர்மறைக் கருத்துகள் மிகுதி. மின்னூட்டம் இன்மை, துணை இன்மை, காற்று இன்மை, துகள் பதிவாகாமை எனப் பலவும் இங்குப் பெயரிடப்படுகின்றன. ஆனால் இவ்வின்மைகள் ஒரே தன்மையன அல்ல. ஒரு பொருள் 'இல்லை' என்பதும், அது 'வேறொன்று அல்ல' என்பதும், அது 'காணப்படவில்லை' என்பதும் வெவ்வேறு கூற்றுகள். இவ்வேறுபாட்டைத் தமிழ் தன் இலக்கண அமைப்பிலேயே பெற்றிருக்கிறது. அதனை அறிவியல் மொழிபெயர்ப்பில் எவ்வாறு காப்பது என்பதை மேற்கூறிய ஆய்வு வரலாற்றின் வழியே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆழமும் நீர்ச்சமனும்

விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் மோதும்போது பலவகைத் துகள்கள் தோன்றுகின்றன. அவற்றுள் மியூவான் எனப்படும் துகள் தரைவரை வந்து சேர்கிறது. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு மியூவான் விழுகிறது. நிலத்தினுள் செல்லச் செல்ல இவ்வெண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு குறைகிறது என்பதை அறிய, ஹோமி பாபாவின் தூண்டுதலால் 1950-களின் தொடக்கத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பி. வி. ஸ்ரீகண்டன் தங்கவயல் சுரங்கங்களில் அளவீடுகளை மேற்கொண்டார்.

இத்தகைய ஆய்வில் ஆழத்தை மீட்டரில் மட்டும் கூறுதல் போதாது. பாறையின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால், துகளைத் தடுக்கும் ஆற்றலும் மாறும். எனவே 'இத்தனை மீட்டர் ஆழமுள்ள நீருக்குச் சமம்' என்று கணக்கிடுவது மரபாயிற்று. இதனை 'நீர்ச்சமன் மீட்டர்' எனலாம். தங்கவயல் பாறை நீரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே அங்கு 2.3 கிலோமீட்டர் ஆழம் என்பது ஏறத்தாழ 7,000 நீர்ச்சமன் மீட்டர் ஆகும். 'நீர்' என்னும் சொல் வருவதால் சுரங்கத்தினுள் நீர் நிரப்பப்பட்டிருந்தது எனப் படிப்போர் கருதிவிடக் கூடாது. இங்கு நீர் ஓர் அளவுகோல் மட்டுமே. 'நீர்ச்சமன்' என்னும் தொகையில் 'சமன்' என்னும் உறுப்பு இக்குழப்பத்தைத் தடுக்கிறது. அதனைச் சுருக்கி 'நீர் மீட்டர்' என எழுதுவது பொருந்தாது.

1960-61இல் மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோர் மேலும் ஆழத்திற்குச் சென்றனர். அவர்கள் அடைந்த பெரும ஆழம் ஏறத்தாழ 8,400 நீர்ச்சமன் மீட்டர். அங்கு ஏறத்தாழ இரண்டு மாதம் கருவியை இயக்கியும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. ஆய்வு தோற்றுவிட்டது என்று பொதுநிலையில் ஒருவர் கூறக்கூடும். அறிவியலாரோ அதனைப் பெரும் பேறாகக் கருதினர். மேலிருந்து வரும் மியூவான்கள் அவ்வளவு அரிதாகிவிட்ட இடமே நியூட்ரினோவைத் தேடுவதற்கு ஏற்ற இடம் என்பது தெளிவாயிற்று.

'பதிவாகவில்லை' என்னும் வினைமுற்று ஈண்டு நோக்கத்தக்கது. இதனை 'அவ்வாழத்தில் மியூவான்கள் இல்லை' என மொழிபெயர்த்தால் கூற்றின் தன்மையே மாறிவிடும். இரண்டு மாதக் காலத்தில், அக்கருவியின் பரப்பில், ஒன்றும் பதிவாகவில்லை என்பதிலிருந்து பெறப்படுவது 'மியூவான்களின் வீதம் இவ்வளவுக்கு மேற்படாது' என்னும் ஒரு மேல் வரம்பு மட்டுமே. பெரிய கருவியை நீண்ட காலம் இயக்கினால் ஒன்றிரண்டு பதிவாகலாம். காணாமை என்பது இன்மைக்குச் சான்றாகும் அளவை எண்ணால் வரையறுப்பதே ஆய்வாளர் பணி. அவ்வரையறையை அழித்துவிடாமல் பெயர்ப்பது மொழிபெயர்ப்பாளர் பணி.

3. 'அல்' என்னும் இன்மை: நியூட்ரானும் நியூட்ரினோவும்

1965இல் டாட்டா நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியன இணைந்து தங்கவயலில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. இந்தியக் குழுவில் எம். ஜி. கே. மேனன் முதலியோர் இடம்பெற்றனர். அவ்வாழத்தில் எஞ்சும் மியூவான்கள் பெரும்பாலும் மேலிருந்து செங்குத்தாக வருவன. கிடைமட்டமாக வரும் மியூவான் ஒன்று பதிவானால், அது சுற்றியுள்ள பாறையில் நியூட்ரினோ மோதியதால் தோன்றியது என முடிவு செய்யலாம். காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களை இவ்வாறு கண்டறிந்த செய்தி 1965 ஆகஸ்டில் வெளியாயிற்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரடரிக் ரைனஸ் குழுவினர் கண்ட முடிவும் அதே மாதத்தில் வெளிவந்தது.

நியூட்ரினோ என்னும் பெயரின் வரலாறு மொழியியலார்க்குச் சுவையானது. 1930இல் வுல்ஃப்காங் பவுலி இத்துகளைக் கருத்தளவில் முன்மொழிந்தபோது அதற்கு 'நியூட்ரான்' என்றே பெயரிட்டார். 1932இல் ஜேம்ஸ் சாட்விக் அணுக்கருவில் உள்ள கனத்த துகளைக் கண்டறிந்தபோது அப்பெயர் அதற்கு உரியதாயிற்று. இத்தாலிய மொழியில் 'ஓனே' என்னும் ஈறு பெருமைப் பொருளையும் 'இனோ' என்னும் ஈறு சிறுமைப் பொருளையும் தரும். ஆகவே நியூட்ரானைப் 'பெரிய நடுநிலைத் துகள்' எனக் கொண்டு, பவுலியின் துகளைச் 'சிறிய நடுநிலைத் துகள்' என்னும் பொருளில் நியூட்ரினோ என இத்தாலிய இயற்பியலார் அழைத்தனர். ஃபெர்மி வழியாக அப்பெயர் உலக வழக்காயிற்று.

இரு பெயர்க்கும் வேர் 'இரண்டனுள் எதுவும் அன்று' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாகும். தமிழில் நியூட்ரானுக்கு 'நொதுமி' என்னும் ஆக்கச்சொல் உண்டு. பகையும் நட்பும் அல்லாத நிலையைக் குறிக்கும் 'நொதுமல்' என்னும் பழஞ்சொல்லை அடிப்படையாகக் கொண்டது அது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'நியூட்ரான்' என்பதும் இலங்கைத் தமிழில் 'நியூத்திரன்' என்பதும் வழக்கு. ஒலிபெயர்ப்பா, ஆக்கச்சொல்லா என்னும் பழைய வாதத்திற்குள் இங்குப் புக வேண்டியதில்லை. 'நொதுமி' என்னும் சொல் வேர்ப்பொருளைச் சரியாகப் பற்றியுள்ளது என்பதே இங்குக் கருதத்தக்கது. நேர்மின் துகளும் அன்று, எதிர்மின் துகளும் அன்று என்னும் 'அல்'லின் பொருளை அது தருகிறது.

இதனை 'மின்னிலி' என ஆக்கியிருந்தால் 'இல்'லின் பொருள் வந்திருக்கும். அது முற்றும் சரியாகாது. நியூட்ரானின் உள்ளே மின்னூட்டம் உடைய குவார்க்குகள் உள்ளன. அவற்றின் கூட்டுத்தொகையே சுழியாகிறது. நியூட்ரானுக்குக் காந்தத் தன்மை உண்டு என்பதும் இதனோடு தொடர்புடையது. எனவே நியூட்ரானில் மின்னூட்டம் 'இல்லை' என்பதைக் காட்டிலும், அது எந்தப் பக்கத்தையும் சார்ந்ததன்று என்பதே செம்மையான கூற்று. 'முதுகெலும்பிலி' என்னும் விலங்கியல் சொல்லில் 'இலி' பொருந்துவது போல் இங்குப் பொருந்தாது.

நியூட்ரான், நியூட்ரினோ என்னும் இரு பெயர்களின் ஒலி ஒற்றுமை பொதுமக்களிடையே மயக்கம் தரவல்லது. ஒன்று அணுக்கருவின் கனத்த உறுப்பு. மற்றொன்று பொருளோடு பெரும்பாலும் வினைபுரியாமலே கடந்து செல்வது. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்திற்கு 2015 ஜனவரியில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எதிர்ப்புகளிடையே அது கட்டப்படவில்லை. அத்தகைய திட்டத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் வாதிட வேண்டியது தமிழில்தான். இரு துகள்களையும் பிரித்தறியச் செய்யும் விளக்கம், எந்தத் தரப்பின் வாதத்திற்கும் முற்பட்ட தேவையாகும்.

4. சுரங்கத்திலிருந்து வானுக்கு

நியூட்ரினோவுக்கும் நியூட்ரான் விண்மீனுக்கும் உள்ள உறவு பெயரளவில் நிற்பதன்று. கனத்த விண்மீன் தன் வாழ்நாளின் இறுதியில் உட்குழிந்து வெடிக்கும்போது, அதன் நடுப்பகுதி நியூட்ரான் விண்மீனாகச் சுருங்குவதுண்டு. அப்போது வெளிப்படும் ஆற்றலின் பெரும்பங்கை நியூட்ரினோக்களே சுமந்து செல்கின்றன. 1987 பிப்ரவரி 23 அன்று பெரிய மெகல்லன் முகிலில் வெடித்த விண்மீனிலிருந்து வந்த நியூட்ரினோக்கள், ஜப்பானின் காமியோகா சுரங்கத்திலும் அமெரிக்காவில் ஓர் உப்புச் சுரங்கத்திலும் சோவியத் நாட்டின் பக்சான் நிலவறை ஆய்வகத்திலும் பதிவாயின. முதலிரண்டு கருவிகளும் புரோட்டான் சிதைவைத் தேடுவதற்காக அமைக்கப்பட்டவை. அதே நோக்குடன் தங்கவயலிலும் 1980இல் 140 டன் எடையுள்ள இரும்புத் தட்டுக் கருவி ஒன்று இயங்கத் தொடங்கியிருந்தது.

தங்கவயல் குழுவினர் புரோட்டான் சிதைவு எனக் கருதத்தக்க சில நிகழ்வுகளை 1980-களின் தொடக்கத்தில் அறிவித்தனர். பிறநாட்டுப் பெருங்கருவிகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. இங்கும் 'புரோட்டான் சிதைவதில்லை' என்பது அறிவியல் முடிவன்று. 'சிதைவு காணப்படவில்லை, ஆதலின் ஒருவகைச் சிதைவுக்கு அதன் வாழ்நாள் 10-இன் 34ஆம் அடுக்கு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது' என்பதே இன்றைய நிலை. தங்கவயல் ஆய்வுகள் 1990-களின் தொடக்கத்தில் முடிவுற்றன; சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.

ஸ்ரீகண்டன் 1960-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் புரூனோ ரோசி குழுவினருடன் பணியாற்றினார். 1962 ஜூனில் ஏவப்பட்ட ஏவுகலம் ஒன்று விருச்சிக மண்டலத்தில் வலிமைமிக்க எக்ஸ் கதிர் மூலம் ஒன்றைக் கண்டறிந்திருந்தது. சூரியக் குடும்பத்திற்கு வெளியே கண்டறியப்பட்ட முதல் எக்ஸ் கதிர் மூலம் அதுவே. அதன் இருப்பிடத்தை நுட்பமாக அளந்த 1966ஆம் ஆண்டு ஆய்வில் ஸ்ரீகண்டனும் பங்கேற்றார். நாடு திரும்பியபின் அவர் தொடங்கிய முயற்சியால் 1968இல் ஐதராபாத்திலிருந்து எக்ஸ் கதிர்க் கருவிகள் பலூன் வழியே மேலே அனுப்பப்பட்டன.

மண்ணுக்குள் இறங்கிய ஆய்வும் விண்ணுக்கு ஏறிய ஆய்வும் ஓர் அளவுகோலால் இணைகின்றன. நம் தலைக்குமேல் உள்ள காற்று மண்டலம் முழுவதும் ஏறத்தாழ பத்து நீர்ச்சமன் மீட்டர் ஆகும். மியூவானுக்கு அது பெருந்தடையன்று. எக்ஸ் கதிருக்கோ கடக்கவியலாத சுவர். ஆகவே மியூவானைத் தவிர்க்க ஏழாயிரம் நீர்ச்சமன் மீட்டர் பாறையை மேலே போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. எக்ஸ் கதிரைப் பெறப் பத்து நீர்ச்சமன் மீட்டர் காற்றைக் கீழே விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. பலூன் காற்றின் பெரும்பகுதியைக் கடந்தாலும் எஞ்சிய மெல்லிய காற்றும் ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர்களைத் தடுத்துவிடும். அவற்றைக் காண ஏவுகலமும் செயற்கைக்கோளும் இன்றியமையாதன.

5. 'அறியா' என்னும் இன்மை: எக்ஸ் கதிர்

1895இல் ரான்ட்ஜன் தாம் கண்டறிந்த கதிரின் இயல்பு அறியப்படாமையால், கணிதத்தில் அறியாக் கணியத்தைக் குறிக்கும் 'எக்ஸ்' என்னும் எழுத்தால் அதனைச் சுட்டினார். ஆங்கிலம் அவ்வெழுத்தை ஏற்றது. ஜெர்மன் மொழி கண்டறிந்தவர் பெயரால் 'ரான்ட்ஜன் கதிர்' என்றது. தமிழ் இருவழிகளில் சென்றது. அறியாமைப் பொருளைப் பற்றிய 'புதிர்க்கதிர்' ஒன்று. பண்பைப் பற்றிய 'ஊடுகதிர்' மற்றொன்று.

மருத்துவத் துறையில் 'ஊடுகதிர்' மிகப் பொருத்தமான சொல். தசையை ஊடுருவி எலும்பைக் காட்டும் பண்பு அதில் விளங்குகிறது. வானியலில் அதே சொல் இடர் தருகிறது. 'விண்மீன்களிலிருந்து வரும் ஊடுகதிர்கள் காற்றை ஊடுருவ மாட்டா. ஆதலின் செயற்கைக்கோள் தேவை' என்னும் வாக்கியம் தன்னைத்தானே மறுப்பது போல் தோன்றும். உண்மையில் முரண் இல்லை. ஊடுருவல் என்பது கதிரின் ஆற்றலையும் தடைப்பொருளின் பருமனையும் சார்ந்தது. துணையிலா நியூட்ரான் விண்மீன்கள் தரும் எக்ஸ் கதிர்கள் மருத்துவமனைக் கதிர்களைவிட ஆற்றல் மிகக் குறைந்தவை. காற்று மண்டலமோ மனித உடலைவிடப் பன்மடங்கு பருமையுடையது. ஒரு துறையின் சூழலில் கண்ட பண்பைப் பெயராக்கும்போது, அச்சூழல் மாறினால் பெயர் இடறும் என்பதற்கு இது தக்க சான்று. ஆதலால் வானியலில் 'எக்ஸ் கதிர்' எனக் கொள்ளுதலே ஏற்புடையது.

எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் அமைப்பும் மொழிபெயர்ப்பாளரைச் சோதிப்பது. சாதாரண ஆடியில் நேராக விழும் எக்ஸ் கதிர் எதிரொளிக்காமல் உட்கவரப்படும். பரப்பை ஒட்டி மிகச் சிறிய கோணத்தில் உரசிச் செல்லும்போது மட்டுமே அது திரும்பும். எறிகல் நீர்ப்பரப்பில் தட்டித் தாவிச் செல்வதை இதற்கு ஒப்பிடலாம். எனவே ஆடிகள் ஒன்றனுள் ஒன்றாகச் செருகிய குழல்கள் போல் அமைக்கப்படுகின்றன. இம்முறையை ஆங்கிலத்தில் 'கிரேசிங்' என்னும் அடையால் குறிப்பர். அச்சொல்லுக்கு 'மேய்தல்', 'உரசுதல்' என இரு பொருள் உண்டு. அகராதியின் முதற்பொருளைக் கொண்டால் 'மேயும் படுகை' என்னும் பொருந்தாத் தொடர் பிறக்கும். 'உரசுபடுகை' என்பது கருத்தைத் தரும். இவ்வாடிகளுக்குத் தங்கப் பூச்சு இடுவது பெருவழக்கு. ரோசாட், எக்ஸ்எம்எம்-நியூட்டன் ஆகியவற்றின் ஆடிகளும், 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் ஆடிகளும் தங்கம் பூசப்பட்டவை.

6. 'இல்' என்னும் இன்மை: துணையிலா விண்மீன்

நியூட்ரான் விண்மீன் என்பது சூரியனைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நிறையை, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்தில் அடக்கிய பொருள். தங்கவயலின் ஊர்களையெல்லாம் உள்ளடக்கி நிற்கும் அளவே அதன் குறுக்களவு. 1934இல் பாடே, சுவிக்கி ஆகியோர் அதனைக் கருத்தளவில் முன்மொழிந்தனர். 1967இல் ஜோசலின் பெல், ஆண்டனி ஹியூவிஷ் ஆகியோர் துடிவிண்மீனைக் கண்டறிந்தபின் அது மெய்ப்பொருளாயிற்று.

எக்ஸ் கதிரில் ஒளிரும் நியூட்ரான் விண்மீன்கள் பலவற்றுக்கு அருகே மற்றொரு விண்மீன் சுற்றிவருகிறது. அத்துணை விண்மீனின் வளிமம் நியூட்ரான் விண்மீன்மீது சொரியும்போது வெப்பமுற்று எக்ஸ் கதிரை வீசுகிறது. அங்குக் காணப்படுவது சொரியும் வளிமத்தின் ஒளி. துணை இல்லாதவற்றில் அம்மறைப்பு இல்லை. விண்மீனின் சொந்த மேற்பரப்பே குளிர்ந்துகொண்டு ஒளிர்கிறது. ஒளியின் நிறமாலையிலிருந்து வெப்பநிலையையும், தொலைவு தெரிந்தால் ஆரத்தையும் கணிக்கலாம். ஆரம் தெரிந்தால் அணுக்கருவினும் செறிந்த பொருளின் இயல்பை உய்த்துணரலாம். துணையின்மையே இவ்விண்மீன்களின் ஆய்வு மதிப்புக்குக் காரணம்.

ஆங்கிலத்தில் இவற்றைக் குறிக்கும் 'ஐசொலேட்டட்' என்னும் அடை, 'தீவு' எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியே வந்தது. அதற்குத் தமிழில் எளிதில் நினைவுக்கு வருவன 'தனித்த', 'தனிமைப்படுத்தப்பட்ட', 'இணையற்ற' என்பன. 'தனித்த' என்பது 'சிறப்பான', 'வேறான' என்னும் பொருள்களையும் தரும். 'தனிமைப்படுத்தப்பட்ட' என்பது யாரோ செய்த செயலைக் குறிக்கும். 2020இன் பெருந்தொற்றுக்குப் பின் அதற்கு நோயின் சாயல் ஏறியுள்ளது. 'இணையற்ற' என்பதோ 'ஒப்புயர்வற்ற' எனப் பொருள்பட்டுப் புகழ்ச்சியாகிவிடும். இவ்விண்மீன்கள் பிற விண்மீன்களிலிருந்து தொலைவில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஈர்ப்பால் பிணைந்து சுற்றும் துணை இல்லாதிருந்தால் போதும். இல்லாதது எது என்பதை வெளிப்படச் சொல்லும் 'துணையிலா' என்னும் அடையே ஐயத்திற்கு இடந்தராதது.

இத்தொடருக்கு அகன்ற பொருள், குறுகிய பொருள் என இரண்டு உண்டு என்பதையும் கருத வேண்டும். அறியப்பட்டுள்ள மூவாயிரத்திற்கும் மேற்பட்ட துடிவிண்மீன்களுள் பெரும்பாலானவை துணையில்லாதவை. ஆயினும் எக்ஸ் கதிர் வானியலார் சிலபோது ஏழு விண்மீன்களை மட்டும் கருதி இத்தொடரை ஆள்கின்றனர். மூலநூல் எப்பொருளில் ஆள்கிறது என்பதைச் சூழலால் தெளிதல் வேண்டும்.

7. காணாமை: ஏழு விண்மீன்கள்

1990இல் ஏவப்பட்டு 1999வரை இயங்கிய ஜெர்மன் செயற்கைக்கோளான ரோசாட் வானம் முழுவதையும் எக்ஸ் கதிரில் அளந்தது. அப்பதிவுகளிலிருந்து வால்ட்டர், வோல்க், நியூஹாய்சர் ஆகியோர் 1996இல் ஒரு துணையிலா நியூட்ரான் விண்மீனை அறிவித்தனர். 'ஆர்எக்ஸ் ஜே 1856.5-3754' என்னும் குறியீடுடைய அது ஏறத்தாழ 400 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் மேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ ஏழு இலட்சம் கெல்வின். கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் அது மிக மங்கலானது. ஹப்பிள் தொலைநோக்கி அதனைக் கண்ட முடிவு 1997இல் வெளியாயிற்று. இதனையொத்த மேலும் ஆறு விண்மீன்கள் ரோசாட் பதிவுகளில் கண்டறியப்பட்டன.

இவ்வேழுக்கும் 1960இல் வெளியான ஓர் அமெரிக்கத் திரைப்படத்தின் தலைப்பைப் புனைபெயராக வானியலார் வழங்குகின்றனர். அதனைத் தமிழாக்க விரும்புவோர் 'எழுமீன்' என்னும் பழஞ்சொல்லை நாடக்கூடும். ஆனால் சங்க இலக்கியத்தில் அச்சொல் வடவானில் தோன்றும் ஏழு முனிவர் மண்டலத்தைக் குறிப்பது. ஏழும் ஒருங்கே தோன்றும் அம்மண்டலம் எங்கே, வானின் வெவ்வேறு திசைகளில் சிதறிக்கிடக்கும் இவை எங்கே? பழஞ்சொல்லை மீட்டெடுக்குமுன் அதற்கு முன்னரே உரியவர் உளரா எனப் பார்த்தல் வேண்டும்.

இவ்விண்மீன்களுக்கு ஆங்கிலத்தில் 'ரேடியோ அமைதியுடையன' என்னும் பொருளில் ஓர் அடையும் வழங்கப்படுகிறது. 'வானொலி அமைதி' என அதனைப் பெயர்ப்பது இருவகையில் தவறும். 'வானொலி' என்பது ஒலிபரப்பைக் குறிக்க ஆக்கப்பட்ட சொல். இங்குக் கருதுவது ஒருவகை மின்காந்த அலை. மேலும் 'அமைதி' என்பது விண்மீன் ரேடியோ அலையை வெளியிடவில்லை என்னும் முடிவைத் தருகிறது. துடிவிண்மீனின் ரேடியோ அலை கலங்கரை விளக்கின் ஒளிக்கற்றை போன்றது. கற்றை பூமியின் பக்கம் திரும்பாவிட்டால் அது நமக்குப் புலனாகாது. ஆகவே 'ரேடியோ அலை கண்டறியப்படாத' என்பதே அறிவோடு பொருந்திய தொடர்.

காணாமையை இன்மையாகக் கொள்வதன் இடரை இவ்விண்மீன்களின் வரலாறே காட்டுகிறது. 1856 எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மேற்கூறிய விண்மீனின் எக்ஸ் கதிரில் நெடுங்காலம் துடிப்பு எதுவும் காணப்படவில்லை. 1999 ஜூலையில் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி கொண்டு அதனை ஆராய்ந்த ஒரு குழுவினர், 2002இல் அதன் ஆரம் நியூட்ரான் விண்மீனுக்குரியதைவிடச் சிறியதாக இருக்கலாம் எனவும், அது குவார்க்கு விண்மீனாக இருக்கக்கூடும் எனவும் கூறினர். தமிழ் வேர்களைக் கொண்ட வானியற்பியலார் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி அது. மேற்பரப்பின் ஒரு பகுதி மட்டும் எக்ஸ் கதிரில் ஒளிர்ந்தால் கணித்த ஆரம் குறைந்தே தோன்றும் எனப் பிறர் மறுத்தனர். 2007இல் எக்ஸ்எம்எம்-நியூட்டன் பதிவுகளிலிருந்து ஏறத்தாழ 7 வினாடிக் கால அளவுள்ள மிக மெல்லிய துடிப்பு வெளிப்பட்டது. அதன் ஏற்றத்தாழ்வு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. 2007க்கு முன் 'இவ்விண்மீனில் துடிப்பு இல்லை' எனத் தமிழில் எழுதியிருந்தால் அது பிழையாகியிருக்கும். 'துடிப்பு காணப்படவில்லை' என எழுதியிருந்தால் அது இன்றும் மெய்யான வரலாற்றுக் கூற்றாக நிற்கும்.

இந்தியக் கருவிகளும் துணையிலா நியூட்ரான் விண்மீன்களை ஆராய்ந்துள்ளன. 1054இல் வெடித்த விண்மீனின் எச்சமான நண்டு நெபுலாவின் நடுவே வினாடிக்கு ஏறத்தாழ முப்பது முறை சுழலும் துடிவிண்மீன் துணையற்றது. அதன் எக்ஸ் கதிர் முனைவாக்கத்தை ஆஸ்ட்ரோசாட் அளந்த முடிவு 2017இல் வெளியிடப்பட்டது. முனைவாக்கத்தை அளப்பதற்கென்றே எக்ஸ்போசாட் என்னும் செயற்கைக்கோள் 2024 ஜனவரி 1 அன்று ஏவப்பட்டது. அதன் முதன்மைக் கருவியை, தங்கவயலுக்கு மேற்கே பெங்களூரில் உள்ள இராமன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது.

8. மொழிபெயர்ப்பு நெறி

மேற்கூறியவற்றிலிருந்து எதிர்மறைகளை நான்காக வகுக்கலாம். ஒரு பொருள் வேறொன்று ஆகாமையை 'அல்' உணர்த்தும், நொதுமி இவ்வகை. ஒரு பொருளிடம் ஒன்று இருவாமையை 'இல்' உணர்த்தும். துணையிலா விண்மீன் இவ்வகை. இயல்பு தெரியாமையை 'அறியா' உணர்த்தும். எக்ஸ் கதிர் இவ்வகை. தேடியும் புலப்படாமையைக் 'காணப்படவில்லை', 'பதிவாகவில்லை' என்னும் வினைமுற்றுகள் உணர்த்தும். ஆழ்சுரங்கத்து மியூவானும் 1856இன் துடிப்பும் இவ்வகை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும் ஒரே எதிர்மறைச் சொல், வினையின் துணைகொண்டே இவ்வேறுபாட்டைக் காட்டும். வாக்கியத்தைச் சுருக்கும் விருப்பத்தால் அவ்வினையை விட்டுவிடும்போது தவறு நேர்கிறது.

'இந்தத் தனிமைப்பட்ட நியூட்ரான் நட்சத்திரத்தில் வானொலித் துடிப்புகள் இல்லை' என்னும் பெயர்ப்பு சுருக்கமானது. இனிய ஓட்டமும் உடையது. ஆனால் அதில் மூன்று பிழைகள் உள்ளன. 'துணையிலா இந்நியூட்ரான் விண்மீனிலிருந்து ரேடியோத் துடிப்புகள் இதுவரை கண்டறியப்படவில்லை' என்பது சற்று நீண்டது. எனினும் ஆய்வாளர் கூறாத எதனையும் அது கூறவில்லை. 'இதுவரை' என்னும் சொல் மூலத்தில் வெளிப்படையாக இல்லாவிடினும், வினையின் கால வடிவில் அடங்கியிருப்பின் தமிழில் அதனை வெளிப்படுத்துவது தகும்.

9. முடிவுரை

தமிழில் அறிவியல் கற்கும் மாணவர்க்குக் கலைச்சொல்லே முதல் ஆசிரியர். கோலார் தங்கவயலின் ஆழத்தில் இரண்டு மாதம் ஒன்றும் பதிவாகாத கருவி, வெறுமையிலிருந்து அறிவைப் பெறும் முறையைக் காட்டியது. அவ்வெறுமை எத்தகையது, எந்த எல்லைவரை உண்மை என்பதைத் துல்லியமாக வரையறுத்தமையாலேயே அது அறிவாயிற்று. துணையிலா நியூட்ரான் விண்மீன்களைப் பற்றிய ஆய்வும் அதே வழியில் செல்கிறது. 'அல்லை', 'இல்லை', 'அறியோம்', 'கண்டிலம்' என்பவற்றைத் தனித்தனியே வழங்கும் வளம் தமிழுக்குத் தொன்றுதொட்டு உண்டு. புதிய சொற்களை ஆக்குமுன் இவ்வளத்தை முறையாகப் பயன்படுத்தினாலே அறிவியல் தமிழின் நம்பகத்தன்மை பெரிதும் உயரும் எனலாம்.